ஃபேஜ் சிகிச்சை: நூறாண்டு பழைய வைத்தியம் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை?

வைகைக்கரையான் எழுதியது:

ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பத்திரிகைகள் பயமுறுத்தாத மாதமில்லை. 2019-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இத்தகைய கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-இல் லான்செட் இதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் கிருமிகளைத் தேடிப் பிடித்துக் கொல்லும் ‘ஃபேஜ்’ என்ற வைரஸ்கள் இருக்கின்றன. அவற்றை மருந்தாக ஏற்றிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

டாம் பேட்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். சான் டியாகோவில் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2015 நவம்பரில் மனைவியோடு எகிப்துக்குச் சுற்றுலா போன இடத்தில் வயிற்று வலியில் சுருண்டு விழுந்தார். கணையம் வீங்கி, அதையொட்டி ஒரு நீர்க்கட்டி. கட்டிக்குள் அசினெட்டோபாக்டர் பாமானி என்ற கிருமி. ஜெர்மனிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சொந்த ஊருக்குக் கொண்டுவந்தும் ஒரு மருந்தும் கேட்கவில்லை, கோமாவில் விழுந்துவிட்டார். மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ தொற்றுநோயியல் வல்லுநர். ஃபேஜ் சிகிச்சை பற்றிப் பழைய கட்டுரைகளைத் துழாவி, முன்பின் தெரியாத ஆய்வாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, 2016 மார்ச்சில் கணவருக்கு ஃபேஜ் செலுத்த வைத்தார். சில நாள்களில் அவர் கண் விழித்தார். ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊர் மருந்துக்கடையில் ஏன் ஒரு ஃபேஜ் பாட்டில்கூட இல்லை? மருந்துக் கம்பெனிகள் அமுக்கிவைத்திருக்கின்றன என்பது என் சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

---

நுண்ணோக்கி எழுதியது:

மறுக்கத்தான் வந்தேன், ஆனால் பாதிதான் மறுப்பேன்.

பேட்டர்சன் கதையில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அவருக்கு ஏற்றியது அலமாரியிலிருந்து எடுத்த மருந்தன்று. அவர் உடம்பிலிருந்து எடுத்த கிருமியை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்துக்கும் அனுப்பி, அந்தக் குறிப்பிட்ட கிருமியைக் கொல்லும் ஃபேஜ்களாகப் பார்த்துத் தேடிப் பிடித்தார்கள். பிறகு சுத்திகரிப்பு. பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அவசர அனுமதி. அப்புறம்தான் வயிற்றில் செருகிய குழாய்கள் வழியாகவும் நரம்பு வழியாகவும் செலுத்தினார்கள். அடுத்த அசினெட்டோபாக்டர் நோயாளிக்கு அதே பாட்டில் உதவும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆன்டிபயாட்டிக் ரெடிமேட் சட்டை என்றால் ஃபேஜ் அளவெடுத்துத் தைப்பது. அதைக் கடையில் தொங்கவிட முடியாது.

ஆய்வகத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சாக்கடை நீர்தான் எங்களுக்குப் பெரும்பாலும் மூலப்பொருள். கிருமி எங்கே கொழிக்கிறதோ அங்கேதான் அதைக் கொல்லும் ஃபேஜும் இருக்கும். நீரைச் சுழற்றிக் கசடு நீக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுகிறோம். பாக்டீரியா மேலே தங்கிவிடும், ஃபேஜ் கீழே இறங்கிவிடும். அதை நோயாளியின் கிருமியோடு கலந்து, இளஞ்சூடான மென்மையான அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) சேர்த்துத் தட்டில் ஊற்றி, இரவு முழுக்க 37 டிகிரியில் வைக்கிறோம். காலையில் தட்டு முழுவதும் கிருமி வளர்ந்து கலங்கலாக மூடியிருந்தால் அன்றைய உழைப்பு வீண். அந்தக் கலங்கலில் ஊசிமுனையால் குத்தியதுபோல் தெளிவான ஓட்டைகள் இருந்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஃபேஜில் தொடங்கியது. உட்புகுந்த ஃபேஜ் பெருகி, பாக்டீரியாவின் சுவரை உள்ளிருந்தே உடைத்து வெளியே வந்து, பக்கத்திலிருப்பதைப் பிடித்து, அதையும் உடைத்து, இப்படியே பரவியதன் தடம் அது. டி4 என்ற ஃபேஜுக்கு ஒரு சுற்றுக்கு அரை மணி நேரமே போதும்.

ஓட்டையைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கக் கூடாது. பல தட்டுகளில் ஓட்டை மங்கலாக இருக்கும். அது பெரும்பாலும் பாக்டீரியாவின் மரபணுவுக்குள் புகுந்து தூங்கிவிடும் வகை ஃபேஜ். அதைச் சிகிச்சைக்குத் தொடவே மாட்டோம்.

---

அத்தாணி எழுதியது:

கங்கை நீர் கெட்டுப்போவதில்லை என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணமே இந்த ஃபேஜ்கள்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளைக்காரனே 1896-இல் நிரூபித்துவிட்டானாம். நாம்தான் மறந்துவிட்டோம்.

---

ஏடுபுரட்டி எழுதியது:

அத்தாணி ஐயா, வாட்ஸ்அப்காரர் ஆண்டைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நிரூபித்தது எதை என்பதில்தான் மிகைப்படுத்திவிட்டார்.

எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் ஆக்ராவில் வேலை பார்த்தவர். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துவிடுகிறது என்று 1896-இல் எழுதினார். நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடித்த நீருக்கும் அந்தச் சக்தி இருந்தது; கொதிக்க வைத்தால் போய்விட்டது. அவர் ஏதோ ஆவியாகும் இரசாயனம் என்றுதான் நினைத்தார். வைரஸ் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. அது உண்மையில் ஃபேஜ்தானா என்று இன்றும் வாதம் உண்டு. ஃபேஜ் இருந்திருந்தாலும் அதன் பொருள், அந்த நீரில் காலராக் கிருமி தாராளமாக இருந்தது என்பதுதான். நுண்ணோக்கி மேலே சாக்கடை பற்றிச் சொன்னதை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

ஃபேஜைக் கண்டுபிடித்தவர்கள் என்று வரலாறு சொல்வது இருவரை. 1915-இல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வார்ட், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல். டெரெல் சீதபேதி நோயாளிகளின் மலத்தில் அதைக் கண்டார். 1919-இல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் சீதபேதியால் துவண்ட 12 வயதுச் சிறுவனுக்குக் கொடுப்பதற்கு முன்பு தாமே குடித்துப் பார்த்தார், பேராசிரியர் யூட்டினெலும் குடித்தார். இன்றைய நெறிமுறைக் குழு கேட்டால் மயங்கி விழும். சிறுவன் பிழைத்தான்.

இந்தியாவுக்கு உண்மையான தொடர்பு அதற்குப் பிறகு வருகிறது. 1927-இல் டெரெல் இங்கே வந்து பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகள் பாட்னாவில் இகோர் ஆஷெஷோவ், அசாமில் மாரிசன் என்று ஆய்வு தொடர்ந்தது. மாரிசன் நௌகாங் பகுதியில் காலரா ஃபேஜை ஊர் ஊராக வழங்கினார். ஹபிகஞ்ச் பகுதியில் வழங்காமல் ஒப்பிட்டார். நௌகாங்கில் சாவு குறைந்தது. ஆனால் காலரா ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு தானே இறங்கும் நோய். குறைந்தது ஃபேஜாலா, காலத்தாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாமலே அந்த ஆய்வு 1930-களின் நடுவில் முடிந்துபோனது.

அமுக்கியது யார் என்று வைகைக்கரையான் கேட்டாரே, எலை லில்லி போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஃபேஜை விற்கத்தான் செய்தன. பல பாட்டில்களில் கெடாமல் இருக்கச் சேர்த்த பீனால் முதலான இரசாயனங்களே ஃபேஜைக் கொன்றுவிட்டன. வாங்கியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 1934-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் கடுமையாக விமர்சித்தது. பிறகு பெனிசிலின் வந்தது, அங்கே கதை முடிந்தது.

சோவியத் நாட்டில் முடியவில்லை. ஜார்ஜியாவின் டிபிலிசியில் 1923-இல் கியார்கி எலியாவா தொடங்கிய நிறுவனம் இன்றும் இயங்குகிறது. டெரெல் அங்கே போய் வேலை செய்தார். எலியாவாவை 1937-இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. நிறுவனத்தை மட்டும் விட்டுவைத்தது. போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் நகரின் ஹிர்ஷ்ஃபெல்ட் நிறுவனமும் இதை விடவில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரலாறு நன்றாக இருக்கிறது. பிழைத்தவர் கதையும் நன்றாக இருக்கிறது. செத்தவர் கதையை யாரும் புத்தகமாக எழுதுவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முறையாக ஒப்பிட்டுச் சோதித்தபோது என்ன ஆனது? ஃபேகோபர்ன் என்ற சோதனை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காய நோயாளிகள், காயத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி. ஒரு பிரிவுக்கு 12 ஃபேஜ்கள் கலந்த மருந்து, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான வெள்ளிக் களிம்பு. ஃபேஜ் பிரிவில் கிருமி குறையக் கூடுதல் நாள் ஆனது. பலன் போதவில்லை என்று 2017 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். 27 பேரைத்தான் சேர்க்க முடிந்தது.

அடுத்தது ஃபேஜின் தாய்வீடான டிபிலிசியிலேயே நடந்தது. புராஸ்டேட் அறுவைக்கு வந்த, சிறுநீர்த் தொற்று உள்ள ஆண்கள். சிறுநீர்ப்பைக்குள் ஃபேஜ் விட்டவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சிறுநீர் சுத்தமானது. வெறும் போலி மருந்து விட்டவர்களில் 28 சதவீதம். ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் 35 சதவீதம். 2021-இல் வெளியானது. புள்ளியியல் கணக்கில் மூன்றுக்கும் வித்தியாசமில்லை என்றுதான் அவர்களே எழுதினார்கள். போலி மருந்தைத் தாண்டாத ஒன்றை நான் எந்த முகத்தோடு நோயாளியின் குடும்பத்திடம் பரிந்துரைப்பது?

---

நுண்ணோக்கி எழுதியது:

இரவுப்பணி டாக்டர் சொன்ன எண்களில் எனக்குச் சண்டை இல்லை. அவற்றை எப்படிப் படிப்பது என்பதில் உண்டு.

ஃபேகோபர்ன் மருந்தைத் தயாரித்தபோது அதில் ஃபேஜ் நிறைய இருந்தது. காயத்தில் தடவும் நேரத்தில் அது சரிந்து, மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் பத்திலிருந்து நூறுதான் மிஞ்சியது. 12 ஃபேஜ்களை ஒரே குப்பியில் நிலையாக வைத்திருக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே கலவை என்று கேட்டது விதிமுறை. அந்த விதிக்காகத்தான் 12 சேர்த்தார்கள். சோதனையில் தோற்றது ஃபேஜா, மாத்திரைக்குப் போட்ட விதியை ஃபேஜுக்கும் போட்டதா?

பெல்ஜியம் அதிலிருந்து வேறு வழி எடுத்தது. 2018 முதல் அங்கே ஃபேஜை மருத்துவர் சீட்டு எழுத, மருந்தாளுநர் அந்த ஒரு நோயாளிக்கென்று கலந்து கொடுக்கும் மருந்தாக அனுமதிக்கிறார்கள். மூலப்பொருளின் தரத்தை அரசு ஆய்வகம் சோதிக்கும். பிரஸ்ஸல்ஸ் ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனைதான் மையம். அவர்கள் ஒருங்கிணைத்த முதல் 100 நோயாளிகளின் விவரம் 2024-இல் வெளியானது: 77 சதவீதத் தொற்றுகளில் உடல்நிலை தேறியது, 61 சதவீதத்தில் குறிவைத்த கிருமி ஒழிந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத கணக்கு என்று டாக்டர் உடனே சொல்வார், சரிதான். ஆனால் அந்த 100 பேரும் வேறு வழி அடைபட்டு வந்தவர்கள்.

---

தாமரைச்செல்வி_நெல்லை எழுதியது:

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் அப்பாவுக்கு 71 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி என்று வந்தது. மருந்துகளின் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை ‘எதிர்ப்பு’ என்றே அச்சாகியிருக்கிறது; கடைசி வரியில் கோலிஸ்டின் மட்டும்தான் பாக்கி. மருத்துவமனையில் கேட்டால் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு முகவர் ஜார்ஜியாவுக்குக் கூட்டிப்போய்ச் சரியாக்கித் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கிறார். நிலத்தை விற்கலாமா என்று அண்ணன் யோசிக்கிறார். என்ன செய்வது?

---

இரவுப்பணி எழுதியது:

அம்மா, முதலில் நிலத்தை விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிதாகக் குழப்பம், இடுப்புக்கு மேல் வலி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது தொற்றாகவே இல்லாமல் இருக்கலாம். குழாய் போட்டுச் சில வாரங்கள் ஆனால் யார் சிறுநீரிலும் கிருமி வளரும். குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்து அங்கேயே குடியிருக்கும். ரிப்போர்ட் எவ்வளவு பயமுறுத்தினாலும் நோய்க்குறி இல்லாத கிருமிக்கு மருந்து கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மிச்சமிருக்கும் ஒரு மருந்துக்கும் அதைப் பழக்கிவிடுவோம். பழைய குழாயிலிருந்து மாதிரி எடுத்திருந்தால், குழாயை மாற்றிப் புதுக் குழாயிலிருந்து எடுத்த சிறுநீரை அனுப்பச் சொல்லுங்கள். குழாய் இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். பலருக்கு யாரும் கேட்காததால்தான் அது கிடக்கிறது.

காய்ச்சல் இருந்தால் வேறு பேச்சு. அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

---

நுண்ணோக்கி எழுதியது:

டாக்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள், சகோதரி. அதோடு ஒன்று: ஆய்வகத்தில் அப்பாவின் கிருமியை உறைநிலையில் எடுத்துவைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். சில நாளில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். என்றாவது ஃபேஜ் தேட வேண்டி வந்தால் அந்தக் கிருமி கையில் இருந்தால்தான் ஆரம்பமே. அதைச் சோதிக்காமல் ‘சரியாக்கித் தருகிறோம்’ என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அவருக்கு ஃபேஜைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

---

மட்டுறுத்துநர்: சிகிச்சைப் பயண முகவர் ஒருவர் தொலைபேசி எண்ணுடன் இட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. தாமரைச்செல்வி, தனிமடலில் யாராவது அணுகினால் தெரிவியுங்கள்.

---

மலைச்சாரல் எழுதியது:

நோயாளி உடம்பில் கோடிக்கணக்கில் வைரஸை ஏற்றுவது என்பதைக் கேட்கவே கூசுகிறது. கொரோனாவுக்குப் பிறகுமா?

---

ஏடுபுரட்டி எழுதியது:

உங்கள் குடலில் இந்த நொடியே கோடானுகோடி ஃபேஜ்கள் இருக்கின்றன. மனிதச் செல்லுக்குள் பெருக அவற்றுக்கு வழியில்லை. ஆனால் பயத்துக்கு வேறு இடம் உண்டு, நுண்ணோக்கி ‘தூங்கும் வகை’ என்று சொன்னாரே, அங்கே. காலராக் கிருமியின் நஞ்சு மரபணுவே ஒரு ஃபேஜ் கொண்டுவந்து செருகியதுதான் என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள். டிப்தீரியா நஞ்சும் அப்படியே. தவறான ஃபேஜ் சாதாரணக் கிருமியைக் கொலைகாரனாக்கிவிடும். அதனால்தான் மரபணு வரிசையை முழுக்கப் படித்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். இன்னொன்று, பாக்டீரியா உடையும்போது சிதறும் நச்சுப் பொருள்களை மருந்திலிருந்து நீக்கியாக வேண்டும். நரம்பு வழி ஏற்றுவதென்றால் அது மிக முக்கியம்.

---

டர்பன்_கோவிந்தன் எழுதியது:

எங்கள் ஊர் கத்தரிக்காய் ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே!

2010-இல் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்தைச் சுரண்டி ஒரு ஃபேஜ் எடுத்தார். மட்டி என்று பெயர். மாணவர்கள் மண்ணையும் குப்பையையும் கிளறி ஃபேஜ் சேகரிக்கும் பயிற்சித் திட்டத்தில் அதுவும் ஒன்றாக, பிட்ஸ்பர்கில் கிரஹாம் ஹாட்ஃபுல் ஆய்வகத்து உறைபெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகள் கழித்து லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி தொற்றிக் காயம் ஆறாமல் கிடந்தது. சேகரிப்பு முழுவதையும் அலசியதில் மூன்று ஃபேஜ்கள் தேறின. அவற்றில் மாற்றம் ஏதும் செய்யாமலே நேராகக் கொல்லக்கூடியது மட்டிதான். மற்ற இரண்டும் தூங்கும் வகை என்பதால், தூங்க வைக்கும் மரபணுவை வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தினார்கள். 2018 ஜூனில் ஏற்றத் தொடங்கினார்கள். காயம் ஆறியது, அந்தப் பெண் தேறினார். அதே மருத்துவமனையில் அதே இனக் கிருமியோடு இருந்த இன்னொரு இளம் நோயாளிக்கு ஒரு ஃபேஜும் பொருந்தவில்லை. அவர் இறந்துவிட்டார். கத்தரிக்காய்க் கதையை எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

---

பழைய_மருந்தாளுநர் எழுதியது:

கம்பெனிகள் அமுக்குகின்றன என்ற பேச்சுக்கு என் பங்கு. அமுக்கத் தேவையே இல்லை. இலாபம் இல்லாத பக்கம் அவை திரும்பிப் பார்ப்பதில்லை. சாக்கடையில் கிடைக்கும் ஃபேஜுக்குக் காப்புரிமை வாங்குவது கடினம். ஆளுக்கு ஆள் மாறும், ஒரு தடவை கொடுத்து நிறுத்தும் மருந்து. புது ஆன்டிபயாட்டிக் கொண்டுவந்தவர்கள் கதியே சிரிப்பாய்ச் சிரிக்கிறது: அகேயோஜன் என்ற கம்பெனி 2018-இல் ப்ளாசோமைசினுக்கு அனுமதி வாங்கியது, 2019-இல் திவாலானது.

நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் கோபால் நாத் குழுவினர் ஆறாத புண்களுக்கு ஃபேஜைத் தடவி வெளியிட்ட கட்டுரைகள் இருக்கின்றன. மேற்பூச்சு என்பதால் சிக்கல் குறைவு. ஆனால் நமக்குத் தேவை கிருமிச் சேகரிப்பும் ஃபேஜ் சேகரிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஓர் அரசு மையம். கிருமிக்கு இங்கே பஞ்சமா? கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையும் செயலிழக்க வைக்கும் என்டிஎம்-1 மரபணு பற்றி 2010-இல் உலகை அதிரவைத்த கட்டுரையின் முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மாதிரிகளில் பல சென்னையிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் எடுத்தவை. அந்தக் கட்டுரைக்குக் கோபப்பட்ட வேகத்தில் பாதியாவது ஒரு ஃபேஜ் வங்கிக்குக் காட்டியிருந்தால் இந்த இழையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

வைகைக்கரையான் எழுதியது:

அமுக்கல் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன், முழுதாக விடவில்லை. ஒரு கேள்வி: ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கப் பழகிய கிருமி ஃபேஜை எதிர்க்கப் பழகாதா?

---

நுண்ணோக்கி எழுதியது:

பழகும். பேட்டர்சனுக்கே பழகியது, முதல் ஃபேஜ்கள் வேலை செய்யாமல் போக, சாக்கடையிலிருந்து புதிதாக ஒன்றைத் தேடிச் சேர்த்தார்கள். ஆனால் ஃபேஜ் ஒட்டிக்கொள்ளும் இடத்தை மாற்றிக்கொள்ளும் கிருமி அதற்கு விலை கொடுக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் பால் டர்னரும் பெஞ்சமின் சானும் கனெக்டிகட்டின் டாட்ஜ் குளத்து நீரிலிருந்து எடுத்த ஃபேஜ், சூடோமோனாஸ் கிருமி ஆன்டிபயாட்டிக்கை வெளியே இறைத்துக் கொட்டும் பம்பின் பகுதியில்தான் போய் ஒட்டுகிறது. தப்பிக்க வேண்டுமென்றால் கிருமி அந்தப் பம்பைச் சிதைத்துக்கொள்ள வேண்டும். சிதைத்துக்கொண்டால் பழைய ஆன்டிபயாட்டிக் மறுபடியும் கேட்கத் தொடங்கும். மகாதமனியில் வைத்த செயற்கைக் குழாயில் தொற்றுப் பிடித்த ஒரு நோயாளிக்கு இதை செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தொற்று நின்றது.

பெல்ஜியக் கணக்கிலும் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் ஃபேஜை மட்டும் கொடுத்தவர்களிடம் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே கடைக்காரரிடம் ‘ஆன்டிபயாட்டிக்குக்குப் பதில் ஃபேஜ் கொடுங்கள்’ என்று கேட்கும் நாள் வந்தாலும் கேட்காதீர்கள். இரண்டையும் கேளுங்கள், கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

---

தாமரைச்செல்வி_நெல்லை எழுதியது:

குழாயை இன்று மாற்றிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. புது மாதிரி அனுப்பியிருக்கிறோம், ரிப்போர்ட் வியாழக்கிழமை. கிருமியை எடுத்துவைக்கச் சொல்லி ஆய்வகத்தில் கடிதம் கொடுத்தேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்றார் அங்கிருந்த அம்மா, ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார்.